மாடுகளுக்கு நடுவே ஒரு மணித்தியாலம்

ஹெர்ஷல் என்ற யூதக் கிழவரிடம் ஒரு பெரியவர் இருந்தார். இருந்தார் என்றால், செத்து இருநூறு வருஷம் ஆகிவிட்டதாம். உக்ரேன் பக்கத்து ஞானியாம். பெயரை ஹெர்ஷல் நாலைந்து தரம் சொல்லித் தந்தார். என் வாய்க்குள் அது நிற்கவில்லை. ‘பெரியவர்’ என்றே வைத்துக்கொண்டேன். அந்தப் பெரியவர் சொன்னதையெல்லாம் ஹெர்ஷல் எனக்குச் சொன்னார். பாதியை நான் நம்பவில்லை. மிச்சத்தில் ஒன்றை மட்டும் செய்து பார்த்தேன். அதனால் வந்த வினையைத்தான் எழுதுகிறேன்.

நான் செபமாலைமுத்து. பாசையூரில் கடல்தொழில். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. இலவசமாகத் தருகிற எதையும் இரண்டு தரம் திருப்பிப் பார்ப்பேன். எண்பத்தாறில் என் மகள் டொலறஸ் என்னையும் மனைவி பிலோமினம்மாவையும் லண்டனுக்கு எடுத்தாள். மனோர் பார்க்கில் அவளும் மருமகன் கிறிஸ்துராஜாவும் இருந்த வீட்டில்தான் இருந்தோம். சும்மா இருந்தால் கால் விறைத்துவிடும் என்று, இல்ஃபோர்ட் பக்கத்தில் ஒரு சின்ன யூதர் கோயிலில் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போனேன். ஹெர்ஷலை அங்கேதான் கண்டேன். தையல் வேலை பார்த்து ஓய்ந்தவர், மனைவியை இழந்தவர், தாடி நெஞ்சு வரைக்கும்.

சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள். விளக்குப் போடக்கூடாது, அடுப்பு மூட்டக்கூடாது. என்னிடம் போடச் சொல்லவும் கூடாதாம். சாடையாகச் சொல்லலாம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் சனிக்கிழமை ஹெர்ஷல் என் பக்கத்தில் வந்து நின்று, முகட்டைப் பார்த்து, “அந்த அறை நல்ல இருட்டாய்க் கிடக்கு” என்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். அவருடைய ஆங்கிலமும் பெரிய திறமில்லை, ஆகவே நட்டமில்லை.

நான் போய் விளக்கைப் போட்டேன். அவர் என்னை அதிசயமாகப் பார்த்தார்.

“உமக்கு முந்தி வேலை செய்த ஆளுக்கு இது விளங்க மூண்டு மாசம் எடுத்தது. ‘ஓம், இருட்டுத்தான்’ எண்டு சொல்லிப்போட்டுப் போயிடுவான். உமக்கு எப்பிடி உடனை விளங்கினது?”

“என்ர மனிசி பதினொரு வருஷமாய் இப்பிடித்தான் கதைக்கிறா” என்றேன்.

“பதினொரு வருஷம் ஓய்வுநாளோ? எங்கட ஆக்களுக்குள்ளயே அப்பிடி ஒரு பக்திக்காரி இல்லை.”

அவருக்குப் பகிடி. எனக்கு அப்படியில்லை.

எண்பத்து நாலில் நேவிக்காரர் கடலுக்குப் போகத் தடை போட்டிருந்த ஒரு நாள் நான் போனேன். கடலில் அவர்களுடைய துப்பாக்கிச் சூடு விழுந்தது. படகை விட்டுவிட்டு நீந்தி, எங்கேயோ ஒரு கரையில் ஏறி, மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வாசலில் ஊரே நிற்கிறது. பிலோமினம்மா என்னைப் பார்த்துச் சொன்ன முதல் சொல் ‘பொய்யன்’. அத்தனை பேருக்கு முன்னால். எனக்கு மானம் போய்விட்டது. “பொய்யனோட பிறகேன் கதைக்கிறாய்? இனிக் கதையாதை” என்றேன். கோபத்தில் சொன்னது. அவள் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டாள். என் வாழ்க்கையில் அவள் கேட்டு நடந்த ஒரே கட்டளை அதுதான்.

அன்றிலிருந்து எங்கள் கதையெல்லாம் அந்தோனியார் வழியாகத்தான். குசினியில், அடுப்புக்கு நேரே, சுவரில் அந்தோனியார் படம் ஒன்று. “அந்தோனியாரே, புட்டு ஆறுது” என்பாள். அந்தோனியாருக்குப் புட்டு வேண்டாம் என்பது எனக்குத் தெரியும், போய்ச் சாப்பிடுவேன். “அந்தோனியாரே, சம்பலுக்கு உப்புக் காணாது” என்பேன் நான். அந்தப் புனிதர் எங்கள் வீட்டில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சாக வேலை பார்த்தார். அவராலும் முடியாத பெரிய விஷயங்களை லண்டனில் டொலறஸ் எங்கள் இருவருக்கும் நடுவே சுமந்து காவினாள்.

ஹெர்ஷல் வேலை நாட்களிலும் வருவார். மற்றவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனபிறகும், நான் துடைக்கிற இடமாகப் பார்த்துக் கதிரையை நகர்த்தி நகர்த்திக் கொண்டிருந்து கதைப்பார்.

“பெரியவர் சொல்லுறார், எல்லாப் பொருளுக்குள்ளயும் கடவுளின்ர வெளிச்சத்தில ஒரு பொறி ஒளிச்சுக் கிடக்காம். ஆராவது வந்து தூக்கிவிடுவினமோ எண்டு அது பாத்துக்கொண்டு இருக்குமாம்.”

“இந்தக் கூட்டுற தும்புத்தடிக்குள்ளயுமோ?”

“ஓம்.”

“கருவாட்டுக்குள்ளை?”

கருவாடு என்றால் என்ன என்று விளக்கினேன். அவர் ஹெரிங் என்று ஒரு உப்பு மீனைச் சொன்னார். அடுத்த நாள் போத்தலில் கொண்டுவந்து தந்தார். மணந்து பார்த்தேன். தின்றும் பார்த்தேன். பொறி இருந்ததோ என்னவோ, மிளகாய்த்தூள் காணாது. வேறு நாள் சொன்னார், சந்தோஷமாக இருப்பது பெரிய கடமையாம். சந்தோஷம் வராவிட்டால் வந்ததுபோல நடிக்க வேண்டுமாம், கை தட்ட வேண்டுமாம், ஆடவும் வேண்டுமாம். சொன்னதோடு நிற்காமல் என் கையிலிருந்த தும்புத்தடியைப் பிடுங்கி அதோடு ஒரு சுற்று ஆடியும் காட்டினார். எழுபத்தைந்து வயது மனிதர். ஈரத் தரை. விழுந்து இடுப்பை உடைத்தால் என் தலையில் வந்து விடியும்.

“உம்முடைய பெரியவர் மாரியிலை கடலுக்குப் போயிருக்க மாட்டார்” என்றேன்.

“இல்லை. அவருக்குக் காசநோய். பிள்ளையளும் செத்துப் போச்சுதுகள்.”

அதைக் கேட்டபிறகு சந்தோஷம் பற்றி நான் அவரோடு வாதாடவில்லை. நம்பினேன் என்று அர்த்தமில்லை. வாதாடவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. காசு கேட்காமல் ஒருவன் ஞானம் சொல்கிறான் என்றால் ஆள் சேர்க்கிறான் என்பதுதான் என் அனுபவம். மனோர் பார்க்கில் கதவைத் தட்டிப் புத்தகம் தருகிறவர்கள் எத்தனை பேர். ஒரு நாள் நேரே கேட்டேன்.

“ஹெர்ஷல், என்னை உங்கட சமயத்துக்கு எடுக்கிறதுக்கோ இவ்வளவு பாடு?”

அவர் தாடி குலுங்கச் சிரித்தார். “தானாய் வாறவனையே நாங்கள் மூண்டு தரம் திருப்பி அனுப்புறனாங்கள். உம்மை ஆர் கேட்டது?”

நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. கேட்டால் மாட்டேன் என்று சொல்ல நான் எவ்வளவு ஆயத்தமாக இருந்தேன்!

இதெல்லாம் நடந்தது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு. வைகாசி மாதம் டொலறஸ் எங்கள் இரண்டு பேரையும் குசினியில் இருத்திவைத்துச் சொன்னாள்.

“கிறிஸ்துராஜாவுக்கு டொரன்டோவிலை வேலை சரிவந்திட்டுது. ஓகஸ்ட் கடைசியிலை போறம். இந்த வீட்டிலை நீங்கள் இருக்கலாம். ஆனா ஒரு விஷயம். நான் போனாப் பிறகு உங்கட கதையை ஆர் காவுறது?”

நாங்கள் இரண்டு பேரும் அந்தோனியாரைப் பார்த்தோம்.

“அப்பா பிளேனிலை இனி ஏறமாட்டன் எண்டு சத்தியம் பண்ணிப்போட்டார். அம்மா, நீங்கள் எங்களோட வாறதெண்டால் வாங்கோ. பேசாத மனுசனோட தனிய இருந்து விசர் பிடிக்கத் தேவையில்லை. ஜூலை கடைசி வெள்ளி ஆறு மணி மட்டும்தான் கடைக்காரன் உங்கட பிளேன் ரிக்கற்றைப் பிடிச்சு வைச்சிருப்பான். அதுக்குள்ளை சொல்லுங்கோ.”

பிலோமினம்மா சுவரைப் பார்த்தாள். “அந்தோனியாரே, யோசிச்சுத்தான் சொல்லவேணும்.”

ஒருத்தி வீட்டில் பேசாமல் இருப்பதும் வீட்டிலேயே இல்லாமல் இருப்பதும் ஒன்றுதானே என்று நினைத்திருந்தேன். அன்றைக்குப் படுக்கும்போது அந்தக் கணக்குச் சரிவரவில்லை. அவள் அடுத்த அறையில் இருமினாள். நான் விழித்திருந்து, அடுத்த இருமல் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஹெர்ஷலிடம் சொல்லக்கூடாது என்றுதான் போனேன். தும்புத்தடியைப் பிடித்த விதத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, வழக்கம்போலப் பெரியவரை இழுத்தார்.

“ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம். தனிய. வெளியான இடத்திலை. உம்முடைய பாசையிலை கடவுளோட கதையும். புத்தகத்துச் செபம் இல்லை. சிநேகிதனோட கதைக்கிற மாதிரி. முறைப்பாடு, சண்டை, எல்லாம் சொல்லலாம். ஆனா வாய்விட்டுச் சொல்லவேணும்.”

“அவருக்கு எல்லாம் தெரியுந்தானே. பிறகேன் சொல்லுவான்?”

“அவருக்குத் தெரியும். உமக்குத் தெரியுமோ?”

“கதைக்க ஒண்டும் வராட்டி?”

“ஒண்டும் வரேல்லை எண்டு சொல்லும். அதையே திருப்பித் திருப்பிச் சொல்லும். பெரியவரும் அப்பிடித்தான் செய்தவர்.”

“கதைச்சால் மனிசி நிப்பாளோ?”

“பெரியவர் அதைப்பற்றி ஒண்டும் எழுதேல்லை” என்றார். அந்த ஒரு பதிலுக்காகத்தான் செய்து பார்க்கலாம் என்று நினைத்தேன். நிற்பாள் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் வான்ஸ்டெட் வெளி. அந்த நாட்களில் அங்கே மாடுகள் அவிழ்த்து விடப்பட்டிருக்கும். சில நேரம் ரோட்டுக்கு வந்து பஸ்ஸையும் மறிக்கும். ஆள் இல்லாத இடம் தேடிப் போனால் மாடு இருக்கிற இடம்தான் கிடைத்தது. காலை ஒன்பது மணிக்குப் போய் நின்றேன்.

“ஆண்டவரே, நான் செபமாலைமுத்து. பாசையூர். இப்ப மனோர் பார்க்” என்றேன், டெலிபோனில் சொல்வதுபோல. அதற்குமேல் வரவில்லை. “ஒண்டும் வரேல்லை” என்றேன். அதை ஐம்பது தரம் சொல்லியிருப்பேன். ஒரு சிவலை மாடு அசைபோட்டுக்கொண்டே என்னைப் பார்த்தது. பத்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் முழங்கால் நோவைச் சொன்னேன். கவுன்சில்காரன் கடிதம் எழுதுகிற விதத்தைச் சொன்னேன். மருமகன் கிறிஸ்துராஜாவின் குறட்டையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல வாய் பழகிவிட்டது. துறைமுகத்துத் தமிழும் தானாக வந்தது. அதை இங்கே எழுத முடியாது. ஆண்டவர் அந்தச் சொற்களைக் கேட்டிருப்பார், மீனவர்களோடு திரிந்தவர்தானே.

இரண்டாம் கிழமை பிலோமினம்மாவைப் பற்றி வழக்கு வைத்தேன். நான் யாருக்காகக் கடலுக்குப் போனேன்? வீட்டுக்காக. உயிரோடு வந்தவனை ஊருக்கு முன்னால் பொய்யன் என்று சொல்லலாமா? நல்ல வழக்கு. நாலு நாள் வைத்தேன். ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரு இடத்தில் தட்டியது. மனதுக்குள் பதினொரு வருஷமாக அந்த இடத்தைத் தாண்டித் தாண்டிப் போய்ப் பழகிவிட்டேன். வாயால் சொல்லும்போது தாண்டமுடியவில்லை. அவள் வாசலில் நின்று, “கடலுக்கோ போறியள்?” என்று கேட்டாள். நான், “இல்லையடி, கரையிலை வலை பாத்திட்டு வாறன்” என்றேன். இதைச் சொல்லாமல் கதை அடுத்த படிக்கு நகரமாட்டேன் என்கிறது. ஐந்தாம் நாள் சொன்னேன். சொல்லிவிட்டு, பெரியவர்மேல் எனக்குச் சரியான ஆத்திரம் வந்தது. என் வாயைக்கொண்டே என்னைக் காட்டிக்கொடுக்க வைக்கிற வேலை இது. இந்த ஞானிகளை நம்பக்கூடாது என்று நான் நினைத்திருந்தது சரிதான்.

அதற்குள் மனோர் பார்க்கில் எங்கள் சனத்துக்குள் கதை பரவிவிட்டது. மூலைக்கடைச் சிவமலர் பஸ்ஸில் போகும்போது என்னைக் கண்டிருக்கிறாள். டொலறஸ் கடைக்குப் போனபோது, “தங்கச்சி, சொல்லுறன் எண்டு குறை நினையாதை. உன்ர அப்பா மாட்டோட கதைக்கிறார். கையை வேறை நீட்டி நீட்டி” என்று சொல்லியிருக்கிறாள். டொலறஸ் அழுதுகொண்டு வந்து என்னை டொக்டரிடம் இழுத்துப் போனாள். பிலோமினம்மாவும் கூட வந்தாள். அந்தோனியாரிடம்கூடக் காரணம் சொல்லவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு வந்து காரில் ஏறினாள்.

டொக்டர் வாசுதேவன் இந்தியத் தமிழர், பொறுமையான ஆள். இன்றைக்கு என்ன திகதி, என்ன கிழமை என்று கேட்டார். சொன்னேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். எனக்கு அது நல்ல சுகத்திலும் வராது என்றேன்.

“மாட்டுக்கிட்ட என்ன பேசறீங்க ஐயா?”

“மாட்டோட இல்லை. கடவுளோட. மாடு அங்கை நிண்டது.”

“சரி. யாராவது பேசச் சொன்னாங்களா?”

“ஓம். உக்ரேனிலை ஒரு பெரியவர்.”

“அவர் எப்போ சொன்னார்?”

“அவர் செத்து இருநூறு வருஷம்.”

டொக்டர் பேனையை எடுத்தார். டொலறஸ் மறுபடி அழத் தொடங்கினாள். நான் ஹெர்ஷலைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எல்லாம் கேட்டபிறகு டொக்டர் பேனையைக் கீழே வைத்தார்.

“ஆமா, வீட்ல யார்கூட இப்படிப் பேசுவீங்க?”

பிலோமினம்மா சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்து, “மாட்டுக்கு வாய் இருந்தால் அதுவும் பொய்யன் எண்டுதான் சொல்லும்” என்றாள்.

டொக்டர் கலண்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நோயாளியைத் தப்பாக் கூட்டிட்டு வந்துட்டீங்களோன்னு நினைக்கிறேன்” என்று டொலறஸிடம் சொன்னார். யாரை நினைத்துச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை கடைசிக் கிழமை வந்துவிட்டது, செய்வதைச் செய்துவிடுவோம் என்று துணிந்தேன். குசினியில் அவள் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் படத்தைப் பார்த்து நின்று, “அந்தோனியாரே, அண்டைக்கு நான் சொன்னது பொய்தான்” என்றேன்.

கத்தி ஒரு கணம் நின்றது. “அந்தோனியாருக்கு அது அண்டைக்கே தெரியும்” என்றாள். கத்தி மறுபடி ஓடியது.

பதினொரு வருஷப் பாரத்தைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன், மேல்விலாசம் தவறிப் போய்விட்டது. ஹெர்ஷலிடம் போய் முறையிட்டேன். உம்முடைய பெரியவரின் வைத்தியம் பலிக்கவில்லை என்றேன்.

“ஆருக்குச் சொன்னனீர்?”

“அந்தோனியாருக்கு.”

ஹெர்ஷல் தலையில் கை வைத்தார். “மிஸ்டர் முத்து, சாடை ஓய்வுநாளுக்கு மட்டும். இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமையிலை விளக்குப் போடவேணுமெண்டால் நான் உம்மைப் பாத்து, ‘முத்து, விளக்கைப் போடும்’ எண்டு கேக்கிறன். இல்லையோ? கடவுளோட கதைக்கிறது வாய் பழக. வாய் பழகினாப் பிறகும் சுவரைப் பாத்துக் கதைச்சால் பெரியவர் என்ன செய்வார்?”

செவ்வாய் போனது, புதன் போனது. வியாழன் காலை வெளிக்குப் போய் அந்த ஒரு பெயரை மட்டும் சொல்லிப் பழகினேன். பதினொரு வருஷம் கூப்பிடாத பெயர், பத்துத் தரம் சொன்னபிறகுதான் முழுதாக வந்தது. மாடுகள் ஒதுங்கிப் போய்விட்டன. அவற்றுக்கும் என்னைப் பற்றிச் சிவமலர் ஏதும் சொல்லியிருக்கலாம்.

கெடு வைத்த வெள்ளிக்கிழமை வந்தது. டொலறஸ் வேலைக்குப் போயிருந்தாள், ஐந்தரைக்கு வருவாள். நாலு மணிக்கு நான் குசினிக்குள் போனேன். பிலோமினம்மா மேசையில் சுளகில் அரிசி கிளறிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். லண்டன் அரிசியில் கல் இல்லை. அவளுக்கும் அது தெரியும். நான் அவளுக்கு நேரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

“பிலோமினா.”

அவள் நிமிரவில்லை. கை மட்டும் நின்றது.

“கரையிலை வலை பாக்கப் போறன் எண்டு உனக்குப் பொய் சொல்லிப்போட்டுத்தான் போனனான். நீ என்னைப் பொய்யன் எண்டது சரி. பிறகு கதையாதை எண்டு சொன்னது நான். அதுவும் பிழை. கனடாவுக்குப் போகாதை.”

வேறு ஏதாவது நல்லதாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு அவ்வளவுதான் வந்தது.

அவள் சுளகை ஓரமாகத் தள்ளி வைத்தாள். முகத்தை நேரே பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

“அண்டைக்கு நான் கறுப்புச் சீலை உடுத்தினது உங்களுக்குத் தெரியுமோ?” என்றாள்.

தெரியாது.

“இரண்டாம் நாள் படகு மட்டும் கரை ஒதுங்கிச்சுது. சாமியார் வந்து செபம் சொன்னார். டொலறஸ் லண்டனிலை, நான் தனிய. அம்மான்ரை பெட்டியிலை இருந்த, அவ துக்கத்துக்கு உடுத்த கறுப்புச் சீலையை எடுத்து உடுத்துக்கொண்டு ஒரு பகலும் ஒரு இரவும் இருந்தனான். நீங்கள் சந்தியாலை வாறியள் எண்டு பொடியள் ஓடிவந்து சொல்லத்தான் ஓடிப்போய் மாத்தினனான். பின்னுக்குக் கொக்கி பூட்டவும் நேரமில்லை. அந்தக் கோலத்திலை வாசலுக்கு வாறன், நீங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறியள். பல்லை! என்னத்துக்குச் சிரிச்சனீங்கள்?”

“சனத்தைக் கண்ட வெக்கத்திலை…”

“பொறுங்கோ, நான் கதைக்கிறன். பதினொரு வருஷம் நான் ஒருதருக்கும் சொல்லேல்லை. கறுப்புச் சீலையை அடுப்பிலை வைச்சனான். அது ஒண்டு. அடுத்தது, அந்தக் கிழமை உங்கட தமக்கை வந்து…”

தமக்கையில் தொடங்கி, நான் விற்ற ஆடு, ஞானஸ்நான வீட்டில் நான் குடித்தது, லண்டன் ஏர்போர்ட்டில் அவளுடைய பெட்டியை நான் தூக்காமல் முன்னால் நடந்தது என்று ஒழுங்காக வந்துகொண்டிருந்தாள். ஒன்றும் மறக்கவில்லை. திகதி உட்பட வைத்திருக்கிறாள். எனக்கு நடுவில் கோபம் வந்தது, இரண்டு இடத்தில் சிரிப்பும் வந்தது, சிரித்தால் மறுபடி பல்லைப் பற்றிக் கதை வரும் என்று அடக்கிக்கொண்டேன். ஒரு மணித்தியாலம் எப்போதோ தாண்டிவிட்டது.

டொலறஸ் கதவைத் திறந்துகொண்டு வந்தவள், சத்தம் கேட்டுக் குசினி வாசலில் சப்பாத்தோடேயே நின்றுவிட்டாள். தாய் நேரே என் முகத்தைப் பார்த்து ஏசிக்கொண்டிருக்கிறாள். பிள்ளைக்கு வாய் பிளந்தபடி. பிறகு மணிக்கூட்டைப் பார்த்தாள்.

“அம்மா… கடைக்காரன் ஆறு மணிக்குப் பூட்டிப்போடுவான். உங்களுக்கு ரிக்கற்…”

“பூட்டட்டும்” என்றாள் பிலோமினம்மா, என்மேல் வைத்த கண்ணை எடுக்காமல். “நான் இன்னும் எண்பத்தெட்டுக்கே வரேல்லை.”